ஃபைபர் நெட் போச்சா? பாக்ஸ்ல எந்த லைட் எப்படி எரியுதுன்னு பாத்துட்டு ஆரம்பிங்க

களியக்காவிளை, பனச்சமூடு, அருமனை, கொல்லங்கோடுன்னு இந்த தமிழ்நாடு-கேரளா பார்டர் ஓரத்துல வீட்டு நெட் ரிப்பேருக்குப் போய்ட்டு வர்றவன் நான். எடவப்பாதி மழை, அதாவது ஜூன் மாசத் தென்மேற்குப் பருவமழை, பிடிச்சா ஒரு வரிசை கால் வரும், ஐப்பசில சாயங்காலம் இடி வெட்டத் தொடங்கினா இன்னொரு வரிசை வரும், எல்லாத்துலயும் முதல் வார்த்தை ஒண்ணுதான், "மக்களே, நெட்டு போச்சு". "பாக்ஸ்ல எந்த லைட் எரியுது அம்மா"ன்னு கேட்டா "அது என்னமோ கெடந்து மினுங்குது மக்களே"ன்னு பதில் வரும். அந்த மினுங்குறது எந்த லைட்டுன்னு தெரிஞ்சாலே பாதி வேலை முடிஞ்சுது. சிலது நீங்களே சரி பண்ணிடலாம், சிலதுக்கு ஆள் வரணும், ஆனா வர்ற ஆள் எதைக் கையில எடுத்துட்டு வரணும்னாவது தெரியும்.

இன்னொண்ணு மனசுல கெடக்குறது. யாரோ சொன்னாங்கன்னு 2000, 3000 ரூவா போட்டு புது பாக்ஸ் வாங்கி வச்சிருப்பாங்க, போய்ப் பாத்தா பழைய பாக்ஸ் நல்லாத்தான் இருக்கும், போனது 200 ரூவா அடாப்டரா இருக்கும். ரப்பர் பால் வெட்டி மாசச் செலவு பாக்குற வீட்ல இது நடக்கக் கூடாது. அதனால எல்லா இடத்துலயும் செலவு கம்மியா இருக்குறதுல இருந்து மேல போற மாதிரிதான் எழுதியிருக்கேன், அந்த வரிசையிலயே பாருங்க.

வீட்ல என்னென்ன இருக்கும்னு ஒரு தடவை பாத்துக்கோங்க. போஸ்ட்ல இருந்து வர்ற கறுப்பு கேபிள், அது ட்ராப் கேபிள். சுவர்ல ஒரு சின்ன வெள்ளை டப்பா. அதுல இருந்து பாக்ஸுக்கு வர்ற மெல்லிசு வயர், ரெண்டு முனையும் பெரும்பாலும் பச்சைக் கலர்ல இருக்கும், அது பேட்ச் கார்டு. அப்புறம் எல்லாரும் மோடம்னு சொல்ற பாக்ஸ், சரியான பேரு ஓஎன்டி, சிலர் ஓஎன்யுன்னும் சொல்லுவாங்க, இப்ப வர்றதுல வைஃபையும் அதுக்குள்ளயே இருக்கும். அதுக்கு ஒரு 12 வோல்ட் அடாப்டர். டிவிக்கோ கம்ப்யூட்டருக்கோ போற லேன் கேபிள். மாடிக்குன்னு தனி ரவுட்டர் வச்சிருந்தா அது. இவ்வளவுதான், கோளாறு வந்தா இதுல ஒண்ணுலதான் வரும், இல்லன்னா வெளிய.

எதையும் தொடுறதுக்கு முன்னாடி லைட் தெரியற மாதிரி பாக்ஸை ஒரு போட்டோ எடுங்க. அப்புறம் பின்னாடியோ அடியிலயோ ஊசி நுழையற மாதிரி ஒரு ஓட்டை இருக்கும், ரீசெட்னு போட்டிருக்கும், அதைக் குத்தாதீங்க. குத்தினா உள்ள இருக்குற யூசர் நேம், பாஸ்வேர்டு, செட்டிங் எல்லாம் அழிஞ்சு போகும், அதோட சும்மா சரியாகியிருக்க வேண்டியதும் சரியாகாது. ஆஃப் பண்ணி ஆன் பண்றது வேற, ரீசெட் வேற.

ஒரு லைட்டும் எரியல

முதல்ல பிளக் பாயின்ட். அதே பாயின்ட்ல போன் சார்ஜரைச் சொருகிப் பாருங்க. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல இருந்தா அதை விட்டுட்டு நேரா சுவர்ல போடுங்க. ஓஎன்டி பின்னாடி ஒரு சின்ன பவர் பட்டன் இருக்கும், வீடு தூத்து வாரும்போது கை பட்டு ஆஃப் ஆகிக் கெடக்கும், அதையும் பாருங்க.

அதுக்கப்புறம் அடாப்டர். மேல எழுதியிருக்குறதைப் படிங்க, அனேகமா 12 வோல்ட், 1 ஆம்ப் இல்ல 1.5 ஆம்ப் இருக்கும். வீட்ல செட்டாப் பாக்ஸ் அடாப்டரும் 12 வோல்ட்டுன்னா, பின் சைஸும் ஒத்துப் போனா, நடுவுல பிளஸ்னு காட்டுற சின்னப் படமும் ரெண்டுலயும் ஒண்ணா இருந்தா, ரெண்டு நிமிஷம் அதைப் போட்டுப் பாக்கலாம். ஆம்ப் கூட இருந்தா பரவால்ல, குறைய இருக்கக் கூடாது. வோல்ட் மாறவே கூடாது. பின் நுழையுதுன்னு 24 வோல்ட், 48 வோல்ட் அடாப்டரைச் சொருகினா பாக்ஸ் அந்த நிமிஷமே போயிரும்.

மாத்துனதும் லைட் வந்தா அடாப்டர்தான், கடையில 150ல இருந்து 300 ரூவாக்குள்ள கிடைக்கும். நல்ல அடாப்டர் போட்டும் ஒண்ணும் எரியலன்னா, இல்ல பாக்ஸ்ல கருகின வாசம் வந்தா, அப்ப கூப்பிடுங்க. பாக்ஸ் கம்பெனி குடுத்ததா நீங்க வாங்கினதான்னு முதல்லயே சொல்லுங்க, வாடகைக்கோ டெபாசிட்டுக்கோ குடுத்ததா இருந்தா மாத்தித் தர வேண்டியது அவங்க.

எல்ஓஎஸ் (LOS) லைட் சிவப்பா எரியுது, இல்ல மினுங்குது

நம்ம பக்கத்துல வர்ற காலுல பெரிய பங்கு இதுதான். வெளிய இருந்து பாக்ஸுக்கு வெளிச்சம் வந்து சேரலன்னு அர்த்தம், வேற ஒண்ணும் இல்ல. எல்ஓஎஸ் லைட் அணைஞ்சு கெடந்தாதான் நல்லது, அது எரியலியேன்னு பயந்து கூப்பிடுறவங்களும் உண்டு, அதனால சொல்றேன்.

முதல் செக் வீட்டுக்குள்ள இல்ல, பக்கத்து வீட்ல. அதே ஆபரேட்டர்ட்ட கனெக்‌ஷன் வச்சிருக்கவங்ககிட்ட "உங்களுக்கு இருக்கா"ன்னு கேளுங்க. அவங்களுக்கும் இல்லன்னா உங்க வீட்ல ஒண்ணையும் தொட வேண்டாம், வெளிய எங்கயோ மெயின் லைன் போயிருக்கு, இல்ல ஆபரேட்டர் ரூம்ல இருக்குற மெஷின் கரண்ட் இல்லாம ஆஃப் ஆயிருக்கு. நடுவுல போஸ்ட்ல ஒரு லைனைப் பல வீட்டுக்குப் பிரிச்சு விடுற ஸ்ப்ளிட்டருக்குக் கரண்ட் வேண்டாம், ஆனா அந்த மெஷினுக்கு வேணும். பார்டர் ஊருங்கறதால இதுல ஒரு விஷயம் உண்டு, மெஷின் எந்தப் பக்கம் இருக்கோ அந்தப் பக்கத்துக் கரண்டுதான் கணக்கு. உங்க வீட்ல மின்வாரியக் கரண்ட் ஜம்முன்னு இருக்கும், மெஷின் அந்தப் பக்கம் கேஎஸ்இபி, அதாவது கேரள மின்வாரிய லைன்ல இருந்து பேட்டரியும் தீர்ந்துட்டா உங்களுக்கு எல்ஓஎஸ் சிவப்புதான். அந்தப் பக்கமும் அப்படித்தான், அங்க இருக்குற வீட்டுக்காரங்களுக்கு நம்ம பக்கம் மெஷின் இருந்தா. கனெக்‌ஷன் எடுக்கும்போதே மெஷின் எங்க இருக்கு, பேக்கப் எவ்வளவு நேரம் நிக்கும்னு கேட்டு வச்சுக்கோங்க.

பக்கத்து வீட்ல நெட் இருக்கா? அப்ப கோளாறு உங்க வீட்டுக்கும் போஸ்ட்டுக்கும் நடுவுல. பேட்ச் கார்டுல இருந்து தொடங்குங்க. தூத்து வாரும்போது இழுபட்டிருக்கும், மேசையைத் தள்ளும்போது சுவருக்கும் மேசைக்கும் நடுவுல நசுங்கியிருக்கும், ஆணியில சுத்தித் தொங்க விட்டிருப்பாங்க. இறுக்கி மடிஞ்ச இடம் இருந்தா மெதுவா நிமித்தி, உள்ளங்கை அளவு வட்டமா தளர விடுங்க. அப்புறம் பச்சை முனையைப் பிடிச்சு, வயரைப் பிடிச்சு இல்ல, மெதுவா வெளிய எடுத்துட்டு அதே வாக்குல திரும்ப "டிக்"னு சத்தம் கேக்குற வரைக்கும் சொருகுங்க. இதுலயே சரியாகுறது நிறைய.

கழட்டும்போது மூணு விஷயம் கவனம். முனையில வெள்ளையா நீட்டிட்டு நிக்குற இடத்தை விரலால தொடாதீங்க, வாயால ஊதாதீங்க, சாரத்தால (லுங்கியால) துடைக்காதீங்க, அழுக்கு ஒட்டினா அதுவே தனிக் கோளாறு ஆயிரும். கழட்டின முனைக்குள்ள கண்ணை வச்சுப் பாக்காதீங்க, உள்ள வர்றது கண்ணுக்குத் தெரியாத லேசர், வெளிச்சம் தெரியலன்னு உத்துப் பாத்தா கண்ணுக்குத்தான் கேடு. சின்னப் பிள்ளைங்க பக்கத்துல இருந்தா கழட்டவே வேண்டாம். அப்புறம் பச்சை முனை பச்சைக்குத்தான், நீல முனை நீலத்துக்குத்தான். ரெண்டும் ஒண்ணுல ஒண்ணு நுழையும், ஆனா முனையோட வெட்டு வேற, சிக்னல் அங்கயே விழுந்துரும். கடையில பேட்ச் கார்டு வாங்கும்போது பழைய கார்டைக் கையில கொண்டு போய்க் காட்டி வாங்குங்க, 100, 150 ரூவாதான்.

பேட்ச் கார்டு சரின்னா, எலி. ஓட்டு வீடு, மச்சு உள்ள வீடுன்னா எலியும் மரப்பட்டியும் கேபிள் மேல நடக்கும், எலி கடிக்கவும் செய்யும். கேபிள் உள்ள வர்ற வழியைக் கண்ணால ஒரு தடவை பின்தொடர்ந்து பாருங்க, கடிச்ச இடம் தெரியும். அதை டேப் சுத்தி ஒட்ட முடியாது. கரண்ட் வயரை முறுக்கி ஒட்டுற மாதிரி ஃபைபரை ஒட்ட ஒருநாளும் முடியாது, அதுக்கு ஃபைபரை உருக்கி ஒட்டுற ஸ்ப்ளைசிங் மெஷின் வேணும்.

அப்புறம் வெளிய முற்றத்துல நின்னு போஸ்ட் வரைக்கும் பாருங்க. நம்ம ஊர்ல கேபிள் ரப்பர் மரத்துக்கு நடுவுலயும் தென்னைக்கு அடியிலயும்தான் வருது, எடவப்பாதிக் காத்துல ரப்பர் கொப்பு முறிஞ்சு விழும், தென்ன மட்டை விழும், பலா உள்ள வீட்டைச் சொல்லவே வேண்டாம். கேபிள் தாழ்ந்து கெடந்தாலோ அறுந்து கெடந்தாலோ இழுத்துக் கட்டப் போகாதீங்க. ட்ராப் கேபிள் சிலதுல தாங்குறதுக்கு இரும்புக் கம்பி ஒண்ணு கூடவே ஓடும், அது கரண்ட் லைன் மேல பட்டுக் கெடந்தா தொட்ட ஆளுக்கு ஷாக் அடிக்கும். மழை நேரத்துல அப்படிக் கண்டா முதல் போன் கேபிள்காரருக்கு இல்ல, மின்வாரியத்துக்கு. மின்னகம் நம்பர் 94987 94987, அந்தப் பக்கம் கேஎஸ்இபிக்கு 1912.

ஆள் வரவேண்டிய இடம்: பேட்ச் கார்டு சொருகி எடுத்தும் சிவப்பு போகல, பக்கத்து வீட்ல நெட் இருக்கு. அப்ப போன்ல "எல்ஓஎஸ் சிவப்பு, பக்கத்துல இருக்கு, கார்டு செக் பண்ணியாச்சு"ன்னு இந்த மூணையும் சொல்லுங்க, வர்றவர் ஸ்ப்ளைசிங் மெஷினோட வருவாரு. வேலை முடிச்சதும், வந்து சேர்ற வெளிச்சத்தை அளக்குற பவர் மீட்டர்ல எவ்வளவு டிபிஎம் காட்டுதுன்னு கேளுங்க. மைனஸ் 15ல இருந்து மைனஸ் 25க்குள்ள இருந்தா நிம்மதி. மைனஸ் 27ன்னா இப்ப ஓடும், அடுத்த மழைக்கு நின்னுரும், "இன்னும் கொஞ்சம் பாத்துத் தாங்க"ன்னு அங்கயே நின்னு சொல்லுங்க.

பான் (PON) லைட் நிக்காம மினுங்கிட்டே இருக்கு, எல்ஓஎஸ் எரியல

வெளிச்சம் வருது, ஆனா அந்தப் பக்கத்து மெஷின் உங்க பாக்ஸை ஏத்துக்கல. பாக்ஸை ஆஃப் பண்ணி ஒரு அஞ்சு நிமிஷம் கழிச்சு ஆன் பண்ணுங்க, பான் லைட் அசையாம நிக்க ரெண்டு மூணு நிமிஷம் ஆகும், அது வரைக்கும் பொறுங்க. நடுவுல நடுவுல ஆஃப் பண்ணினா திரும்ப முதல்ல இருந்துதான் தொடங்கும்.

அப்பவும் நிக்கலன்னா சிக்னல் ரொம்பக் குறைவா இருக்கலாம், மேல சொன்ன பேட்ச் கார்டு செக் எல்லாம் இதுக்கும் பொருந்தும்.

புது பாக்ஸ் நீங்களே வாங்கி மாட்டினதும் இப்படி ஆச்சுன்னா வேற விஷயம். பாக்ஸ் அடியில ஸ்டிக்கர்ல சீரியல் நம்பர், மேக் நம்பர் ரெண்டும் இருக்கும், போட்டோ எடுத்து ஆபரேட்டருக்கு அனுப்புங்க, அவங்க மெஷின்ல ஏத்தினாதான் உங்க பாக்ஸ் வேலை செய்யும். அதோட ஃபைபர் லைன்ல ரெண்டு வகை உண்டு, உங்க லைன் ஜிபானா (GPON) இபானான்னு (EPON) வாங்குறதுக்கு முன்னாடியே கேளுங்க. ஜிபான் லைன்ல இபான் பாக்ஸ் ஓடாது. எக்ஸ்பான்னு போட்டு வர்றது ரெண்டுலயும் ஓடும், ஆன்லைன்ல சொந்தமா வாங்குறவங்க அதைப் பாத்து வாங்குறது நல்லது.

லைட் எல்லாம் சரி, வைஃபை கனெக்ட் ஆகுது, ஆனா நெட் இல்ல

பிளான் முடிஞ்சுதான்னு பாருங்க. இதைத்தான் முதல்ல பாக்கணும், இதைத்தான் கடைசியா பாப்பாங்க. வீட்ல அப்பா பேர்ல கனெக்‌ஷன் இருக்கும், மெசேஜ் அப்பா போனுக்குப் போகும், அப்பா தோட்டத்துல நிப்பாரு.

பிளான் இருந்தா, ஒரு போன்ல மட்டும் இல்லியா எல்லா போன்லயும் இல்லியான்னு பாருங்க. ஒண்ணுல மட்டும்னா அந்த போன்ல வைஃபையை மறக்கச் சொல்லி, பாஸ்வேர்டு போட்டுத் திரும்ப ஏத்துங்க. வாட்ஸப் ஓடுது, வெப்சைட் மட்டும் திறக்கலன்னா வெப்சைட் பேரை வச்சு அட்ரஸ் தேடிக் குடுக்குற டிஎன்எஸ்ல கோளாறா இருக்கலாம், போன்ல அந்த வைஃபையோட செட்டிங்ல 8.8.8.8 இல்ல 1.1.1.1 போட்டுப் பாருங்க.

எல்லாத்துலயும் இல்ல, ரெண்டாவது ரவுட்டர் ஒண்ணும் வீட்ல இருக்குன்னா அதைக் கழட்டி வச்சுட்டுப் பாருங்க. கழட்டினதும் நெட் வந்தா ரெண்டுல ஒரு காரணம். ஒண்ணு, ஒரே லேன் கேபிளோட ரெண்டு முனையையும் ஒரே பாக்ஸ்ல சொருகி வச்சிருப்பாங்க, இல்ல ரெண்டு பாக்ஸுக்கும் நடுவுல ரெண்டு கேபிள் போட்டிருப்பாங்க, நெட்வொர்க் உள்ளுக்குள்ளயே சுத்திச் சுத்தி மொத்தமும் நின்னுரும். இன்னொண்ணு, ரெண்டு பாக்ஸுக்கும் அட்ரஸ் 192.168.1.1ன்னு ஒண்ணாவே இருக்கும். ரெண்டாவது ரவுட்டரோட அட்ரஸை 192.168.2.1ன்னு மாத்தி, கேபிளை அதோட வேன் (WAN) போர்ட்ல சொருகினா சரியாகும்.

இன்டர்நெட்னு எழுதின லைட் அணைஞ்சோ சிவப்பாவோ இருந்தா லாகின் ஆகலன்னு அர்த்தம். யாராவது ரீசெட் குத்தியிருந்தாலும் இதுதான் நடக்கும். லாகினுக்கு வேண்டிய பிபிபிஓஇ (PPPoE) யூசர் நேம், பாஸ்வேர்டு, வி-லேன் (VLAN) நம்பர் மூணும் ஆபரேட்டர்ட்ட இருக்கும், தெரிஞ்சவங்களா இருந்தா போன்லயே சொல்லி ஏத்திடுவாங்க. கனெக்‌ஷன் குடுத்த நாள்லயே இந்த மூணையும் ஒரு தாள்ல எழுதி வாங்கி ரேஷன் கார்டு இருக்குற கவர்ல போட்டு வைங்க.

நெட் இருக்கு, ஆனா ஸ்லோ

பிளான் மாத்துறதுக்கு முன்னாடி பாக்ஸ் பக்கத்துல, ஒரு கை தூரத்துல நின்னு, மத்த போன் எல்லாம் ஆஃப் பண்ணிட்டு ஸ்பீட் டெஸ்ட் போடுங்க. லேப்டாப் இருந்தா லேன் கேபிள்ல போடுங்க, அதுதான் உண்மைக் கணக்கு.

பக்கத்துல வேகம் வருது, ரூம்ல வரலன்னா கோளாறு லைன்ல இல்ல, வீட்டுச் சுவர்ல. வெட்டுகல்லு வச்ச பழைய வீட்டுச் சுவரும் கான்கிரீட் தளமும் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையை அப்படியே தடுக்கும். 2.4 கொஞ்சம் தாண்டும், ஆனா அதுல 40, 50 எம்பிபிஎஸ்க்கு மேல எதிர்பாக்க வேண்டாம். பாக்ஸை டிவிக்குப் பின்னாடி, இரும்பு பீரோ மேல, ஃபிரிட்ஜ் பக்கத்துல வைக்காதீங்க. வீட்டு நடுவுல, தலை உயரத்துல, திறந்த இடத்துல வச்சாலே பாதி சரியாகும், செலவே இல்ல. மாடிக்கு வேணும்னா ரிப்பீட்டர் வாங்குறதுக்குப் பதில் ஒரு லேன் கேபிள் இழுத்து மேல ஒரு ரவுட்டர் வைங்க. ரிப்பீட்டர் பாதி வேகத்தைத் தின்னுரும்.

150, 200 எம்பிபிஎஸ் பிளான் போட்டும் லேன் கேபிள்லயே 93, 94 தாண்டலன்னா ரெண்டுல ஒண்ணு. பாக்ஸோட போர்ட்டோ உங்க லேப்டாப் போர்ட்டோ 100 தான் தாங்கும், இல்ல கேபிள்ல நாலு வயர்தான் இணைஞ்சிருக்கு. கேபிள் முனையில இருக்குற கண்ணாடி பிளக்கை வெளிச்சத்துல வச்சுப் பாருங்க, எட்டு கலர் வயரும் முன்னாடி வரைக்கும் போயிருக்கணும். கேட் 5இ கேபிள்ல எட்டும் இணைஞ்சா 100 மீட்டர் தூரம் வரைக்கும் 1000 தாங்கும்.

மாசக் கடைசியில மட்டும் ஸ்லோன்னா எஃப்யூபி லிமிட், அதாவது தாண்டினா வேகத்தைக் குறைக்குற டேட்டா அளவு, தாண்டியிருக்கும், ஆபரேட்டர் ஆப்ல எவ்வளவு ஓடியிருக்குன்னு காட்டும். கல்ஃப்ல இருந்து வீடியோ கால் வரும்போது மட்டும் முகம் உறைஞ்சு உறைஞ்சு நின்னா அப்லோடைப் பாருங்க, டவுன்லோடு இல்ல. வாசல்ல வச்ச கேமரா ராத்திரி பகலா மேல ஏத்திட்டே இருக்கும், நாலஞ்சு கேமரா இருந்தா அப்லோட் அங்கயே தீரும். கேமராவோட குவாலிட்டியை ஒரு படி இறக்கிப் பாருங்க. அங்க தூரத்துல இருக்குற ஆளுக்கு அந்த ஒரு மணி நேரப் பேச்சுதான் வீடு, அது நடுவுல அறுந்தா எவ்வளவு கஷ்டம்னு நான் நிறைய வீட்ல கண்டிருக்கேன், அதனால இந்த ஒண்ணை மட்டும் தள்ளிப் போடாதீங்க.

கேபிள்லயும் பாதி வேகம் கூட வரல, ரெண்டு மூணு நாளா வேற வேற நேரத்துல பாத்தும் அப்படியேன்னா, ஸ்க்ரீன்ஷாட்டோட கம்ப்ளெயின்ட் போட்டு நம்பர் வாங்குங்க. நம்பர் இல்லாத கம்ப்ளெயின்ட் எங்கயும் நிக்காது, அப்பீல் போறதுக்கும் அந்த நம்பர்தான் கேப்பாங்க.

விட்டு விட்டு வருது

போற நேரத்தை ஒரு வாரம் எழுதி வைங்க. காத்தடிக்கும்போது போனா வெளிக் கேபிள் எங்கயோ கொப்புல உரசுது. மழை பெஞ்சு ஒரு மணி நேரம் கழிச்சுப் போனா ஜாயின்ட் பாக்ஸுக்குள்ள தண்ணி. உச்சி மத்தியானம் போனா பாக்ஸ் சூடு, இன்வெர்ட்டர் மேலயோ செட்டாப் பாக்ஸ் மேலயோ அடுக்கி வச்சிருந்தா இறக்கி வைங்க. போகும்போது எல்லா லைட்டும் அணைஞ்சு திரும்ப எரிஞ்சா அடாப்டர் தளர்ந்துருச்சு, சாயங்காலம் வோல்டேஜ் குறையும்போது இது கூடுதலா வரும். லைட் ஒண்ணும் மாறாம போன்ல மட்டும் அறுந்தா வைஃபை சேனல் நெருக்கடி, 2.4ல 1, 6, 11 மூணுல ஒண்ணா மாத்திப் பாருங்க. முதல் ரெண்டுக்கும் ஆள் வரணும், மத்தது நீங்களே பாக்கலாம்.

இடி வெட்டின மறுநாள்

ஃபைபர் கண்ணாடி, அதுல மின்னல் ஓடாது. ஆனா பாக்ஸ் போறது அதனால இல்ல, அடாப்டர் வழியாவும் லேன் கேபிள் வழியாவும் வர்றதாலதான். முதல்ல அடாப்டரை மாத்திப் பாருங்க, பல சமயம் அது மட்டும்தான் போயிருக்கும். வைஃபை ஓடுது, டிவிக்கோ கேமராவுக்கோ போற லேன் மட்டும் இல்லன்னா அந்த ஒரு போர்ட் கருகியிருக்கும், அடுத்த போர்ட்ல சொருகுங்க, அதுக்குன்னு பாக்ஸ் மாத்த வேண்டாம். வெளிய கேட் வரைக்கும் ஓடுற கேமரா லேன் கேபிள் உள்ள வீட்லதான் இது கூடுதல். நல்ல அடாப்டர் போட்டு லைட் எல்லாம் ஒரே நேரத்துல எரிஞ்சு அப்படியே நின்னா, இல்ல பவர் மட்டும் எரிஞ்சு பான், எல்ஓஎஸ் ரெண்டுமே அசையலன்னா பாக்ஸ் போச்சு, அதுக்கு ஆள்தான்.

வானம் கறுத்ததும், இடிக்கு முன்னாடியே, அடாப்டரை பிளக்ல இருந்து எடுங்க, லேன் கேபிளையும் பாக்ஸ்ல இருந்து எடுங்க. சுவிட்ச் ஆஃப் பண்ணினா போதாது. மேல இடி வெட்டிட்டு இருக்கும்போது வயரைத் தொட வேண்டாம், அப்ப போறது போகட்டும். ட்ராப் கேபிள்ல இரும்புக் கம்பி இருந்தா அதை வீட்டுச் சுவருக்கு வெளியவே கொக்கியில கட்டி நிறுத்தணும், உள்ள பாக்ஸ் வரைக்கும் கொண்டு வரக் கூடாது, கனெக்‌ஷன் குடுக்க வர்றவர்ட்ட இதை நின்னு செய்ய வைங்க. சர்ஜ் ப்ரொடெக்டர் வாங்கினா வீட்ல எர்த் சரியா இருக்கான்னு எலக்ட்ரீஷியன்ட்ட பாக்கச் சொல்லுங்க, எர்த் இல்லாத வீட்ல அது முழுசா காப்பாத்தாது.

மழைக்காலத்துக்கு முன்னாடி வாங்கி வைக்க வேண்டியது

உங்க பாக்ஸுக்கு ஒத்த 12 வோல்ட் அடாப்டர் ஒண்ணு, ரெண்டு பக்கமும் பச்சை முனை உள்ள மூணு மீட்டர் பேட்ச் கார்டு ஒண்ணு, எட்டு வயர் உள்ள லேன் கேபிள் ஒண்ணு. கூட்டினா 600 ரூவாக்குள்ள முடியும். வீட்ல இருந்து வேலை பாக்குறவங்க, பிள்ளைங்க ஆன்லைன்ல படிக்கிற வீடுன்னா 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒண்ணும் சேத்துக்கோங்க, 1000, 1500 ஆகும், கரண்ட் போனாலும் ரெண்டு மூணு மணி நேரம் பாக்ஸ் நிக்கும். வாங்கும்போது பாக்ஸோட ஆம்ப் எவ்வளவுன்னு சொல்லி வாங்குங்க, 1.5 ஆம்ப் பாக்ஸுக்கு 1 ஆம்ப் யுபிஎஸ் போட்டா ஏத்தின உடனேயே அணையும்.